மும்பைப் பாறைக்கரையில் மெர்லின் செயலி: எதை அதனிடம் விடலாம், எதை நம் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும்

பாண்ட்ரா பாண்ட்ஸ்டாண்ட், வொர்லி கோட்டை, மலபார் ஹில்லின் கடலோரம், மாத் தீவு. மும்பையின் மேற்குக் கரையில் மணலுக்கு இணையாகக் கரும்பாறையும் உண்டு. ஜூஹு மணலில் எளிதில் சிக்காத கல்திருப்பி உள்ளானும் கரைக்கொக்கும் நீலப் பூங்குருவியும் இந்தப் பாறைகளில்தான் கிடைக்கும். இன்னும் தெற்கே ஹரிஹரேஷ்வர், ரத்னகிரி, வெங்குர்லா என்று கொங்கண் கரையில் இறங்கினால் செங்குத்தான கடற்பாறைச் சரிவுகளும், அவற்றின் மேல் வட்டமிடும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் வந்துவிடும். இந்தப் பறவைகளை இனம் காண மெர்லின் செயலியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-இல் வெளியிட்ட செயலி இது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் (eBird) தளத்தில் லட்சக்கணக்கானோர் பதிந்த பட்டியல்களை வைத்து, இந்த இடத்தில் இந்த வாரத்தில் எந்தப் பறவைக்கு வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடுகிறது. அதன் உண்மையான பலம் அங்கேதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் பறவைகளை ஜனவரி மாத பாண்ட்ராவுக்கு ஏற்பச் சுருக்கித் தருவதில் இதற்கு ஈடு இல்லை. சுருக்கிய பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை மட்டும் அதனிடம் முழுதாக ஒப்படைக்காதீர்கள். பாறைக்கரையில் அது தடுமாறும் இடங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணமும் உண்டு.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை. இந்தியாவுக்கான பறவைத் தொகுப்புகளில் மகாராஷ்டிரம் அடங்கியதை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். கோப்பு பெரியது, மொபைல் டேட்டாவில் இழுக்க வேண்டாம். இறக்கியபின் படம், ஒலி இரண்டுமே இணையம் இல்லாமல் வேலை செய்யும். பாறைச் சரிவின் அடியில் சிக்னல் நின்றுபோகும்போது இதன் அருமை தெரியும்.

நேரமும் வெளிச்சமும்

செயலியைத் திறப்பதற்கு முன்பே பாதி முடிவு ஆகிவிடுகிறது. மேற்குக் கரையில் காலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பாறைமேல் நிற்கும் பறவையின் நிறம் சுத்தமாகத் தெரியும். மாலையில் சூரியன் எதிரே வந்துவிட்டால் வெள்ளைக் கொக்கும் கறுப்புதான். செயலி நிறத்தைக் கேட்கும்போது நீங்கள் சொல்வது நிழலின் நிறமாகிவிடும், அது காட்டும் பட்டியலும் அதற்கேற்பத் திசை மாறும். ஆகவே பாண்ட்ஸ்டாண்டுக்குக் காலை, கிழக்குப் பக்கச் சேவ்ரிக்கு மாலை. மாட்டுங்கா ரோட்டில் ரயில் ஏறினால் பாண்ட்ரா இரண்டாவது ஸ்டேஷன். செம்பூர்க்காரர்களுக்கு ஹார்பர் லைனிலேயே சேவ்ரி வந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையையும் பாருங்கள். தாழ் ஓதத்தில் பறவைகள் தூரத்துப் பாறை விளிம்புக்குப் போய்விடும், படத்தில் புள்ளியாகத்தான் விழும். ஓதம் ஏற ஏற அவை கரைப் பக்கம் நெருங்கி வரும், அந்த ஒன்றரை மணி நேரம்தான் நல்ல நேரம். ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் போன ஞாயிற்றுக்கிழமை நேரம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வேகமாக ஏறும், பாசி படிந்த பாறை வழுக்கும். படத்துக்காகப் பாறை நுனிக்கு இறங்கவே கூடாது. நடைபாதையிலிருந்து 8x42 பைனாகுலரில் தெரிவதே போதும்.

ஐந்து கேள்வி முறை

எங்கே, எப்போது, எவ்வளவு பெரியது, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று செயலி வரிசையாகக் கேட்கும். இடமும் தேதியும் தானாக வந்துவிடும். சிக்கல் அளவில். சிட்டுக்குருவி, ராபின், காகம், பெருவாத்து (goose) என்ற வரிசையில் ராபின் என்பது அமெரிக்க ராபின், ஏறக்குறைய நம் மைனா அளவு. நம் ஊர்க் கருஞ்சிட்டும் ராபின் என்றே அழைக்கப்படுவதால் பலர் அதை மனதில் வைத்து அளவைக் குறித்துவிடுகிறார்கள். அந்த ஒரு தவறில் பாதி உள்ளான்கள் பட்டியலை விட்டே வெளியேறிவிடும். மைனா என்றே நினைத்துக்கொண்டு குறியுங்கள், சரியாக வரும்.

கடல்மேல் பறக்கும் பறவைக்குப் பக்கத்தில் ஒப்பிட எதுவும் இருக்காது என்பது அடுத்த சிக்கல். மும்பையில் இதற்குக் காகம் கைகொடுக்கும். ஊர்க்காகம் 40 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அது இல்லாத பாறையே இங்கே இல்லை. பழுப்புத்தலைக் கடற்காகம் ஏறத்தாழ அதே நீளம், கரைக்கொக்கு அதைவிட ஒரு சாண் உயரம், கல்திருப்பி உள்ளான் அதில் பாதிதான். காகம் பக்கத்தில் வரும்வரை காத்திருந்து அளவைக் குறித்தால் செயலி தரும் பட்டியல் நன்றாகவே இருக்கும்.

நிறத்தில் மூன்றுவரை தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. மூன்றையும் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. சந்தேகமில்லாத ஒரே நிறத்தைக் கொடுப்பது, ஊகித்த மூன்றைக் கொடுப்பதைவிட மேல்.

படத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

அமர்ந்திருக்கும் பறவையின் பக்கவாட்டுப் படம், செயலி காட்டும் பெட்டியை நிரப்பும் அளவுக்கு நெருக்கம், தெரிகிற அலகு, தெரிகிற கால். இந்த நான்கும் இருந்தால் செயலி பெரும்பாலும் சரியாகச் சொல்லும். கல்திருப்பி உள்ளான், சிப்பி பிடிப்பான், பவளக்காலி, முதிர்ந்த செம்பருந்து போன்றவற்றில் எந்தக் குழப்பமும் இல்லை. கேமராத் திரையைக் கைபேசியால் படம் பிடிக்கும்போது கோடுகள் விழாமல் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படமானால் அதில் இடமும் தேதியும் உரிந்துபோயிருக்கும். அவற்றை நீங்களே சரியாகக் குறிக்க வேண்டும். ஜனவரியில் எடுத்த கடற்காகத்தை ஜூன் தேதியில் கேட்டால் வேறு விடைதான் வரும்.

விடையாக ஒரே பெயரைப் பார்த்துவிட்டு 'இதுதான் என் பறவை' பொத்தானை அழுத்தாதீர்கள். கீழே வரும் இரண்டாவது, மூன்றாவது பெயரையும் திறந்து, அவற்றுக்கும் முதல் பெயருக்கும் என்ன வித்தியாசம் என்று படத்தில் தேடுங்கள். பாறைக்கரையில் இது கட்டாயம் தேவைப்படும் ஜோடிகள் சில.

முதலில் கடற்காகங்கள். குளிர்காலத்தில் எலிஃபெண்டா படகுகளைத் தொடரும் கூட்டத்தில் பழுப்புத்தலையும் கருந்தலையும் கலந்தே இருக்கும். பெயரில் உள்ள தலைநிறம் அந்தப் பருவத்தில் இரண்டுக்குமே இருக்காது. வெள்ளைத் தலையும் காதருகே ஒரு கறைப்புள்ளியும் மட்டும்தான். தலையை விட்டுவிட்டு இறகு நுனியைப் பாருங்கள். பழுப்புத்தலைக்கு இறகு நுனி அகலமாகக் கறுத்திருக்கும், அந்தக் கறுப்புக்குள் வெள்ளைத் திட்டுகள் தனியாகத் தெரியும், கண் வெளிறியது, அலகு தடிமன். கருந்தலைக்கு இறகின் முன்விளிம்பு நுனிவரை வெள்ளை ஆப்பாக ஓடும், கறுப்பு பின்விளிம்போடு ஒட்டி மெல்லியதாக நிற்கும், கண் கருமை, அலகு ஒல்லி. இது முதிர்ந்த பறவைக்கான கணக்கு. முதல் குளிர்காலத்து இளம் பறவைகளுக்கு வால் நுனியில் கறுப்புப் பட்டையும் இறகில் பழுப்புக் கலப்பும் இருப்பதால் வெள்ளைத் திட்டைத் தேடிப் பயனில்லை. இறகை மடித்து நிற்கும் பறவையின் படத்தைக் கொடுத்தால் செயலியும் இடறும், தேர்ந்தவரும் யோசிப்பார். படகில் நின்று, பறவை மேலே சாயும் நொடியில் விரிந்த இறகை எடுங்கள். வறுவல் வீசிப் பறவையை இழுப்பது மட்டும் வேண்டாம், உப்பும் எண்ணெயும் அதற்கு உணவல்ல.

பெரிய கடற்காகங்களில் ஹியூக்ளின் இனமும் ஸ்டெப்பி இனமும் வரும்போது செயலி சொல்லும் பெயரை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு கோணத்தில் படம் வேண்டும், அதிலும் எல்லாம் தீராது. இளம் பருவத்தில் அவற்றைப் பெயரிடாமல் பெரிய கடற்காகம் என்று விடுவது நேர்மையான பதிவு.

அடுத்து கரைக்கொக்கு. சிலேட் நிறத்தில், தொண்டையில் வெள்ளையோடு நின்றால் சந்தேகமே இல்லை, செயலியும் தயங்காது. அதன் வெள்ளை வடிவம்தான் சின்ன வெள்ளைக் கொக்கோடு குழப்பும். சின்னதற்கு அலகு கறுப்பு, ஊசி போல நேர். கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள், எல்லை கத்தரித்தாற்போல் இருக்கும். கரைக்கொக்குக்கு அலகு தடித்து நுனி சற்றே கீழ்நோக்கி வளையும், மஞ்சள் கலந்த பழுப்பு. காலின் மஞ்சள் விரலோடு நிற்காமல் மேலே பரவி மங்கும். பாறை இடுக்கு நீரில் கால் மறைந்திருக்கும் படத்தைக் கொடுத்துவிட்டுச் செயலியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. இடைப்பட்ட தோற்றமுள்ளவையும் உண்டு, அவற்றுக்குக் கேள்விக்குறி போட்டு வைக்கலாம்.

உப்புக்கொத்திகளில் இன்னொரு குழப்பம். சின்ன மணல் உப்புக்கொத்தியை இப்போது திபெத்திய, சைபீரிய என்று இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். பழைய பெயரையே தேடுகிறவருக்குப் பட்டியலில் அது தட்டுப்படாது. மும்பைக்கு வருவது பெரும்பாலும் திபெத்தியது. பெரிய மணல் உப்புக்கொத்தியிலிருந்து பிரிக்க அலகைப் பாருங்கள். அலகின் நீளம், அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்புவரை உள்ள தூரத்தைத் தாண்டினால் பெரியது.

நீலப் பூங்குருவி அக்டோபரிலிருந்து மார்ச்வரை கோட்டைச் சுவர்களிலும் பாறை உச்சியிலும் நிமிர்ந்து தனியாக உட்காரும். ஆண் தூரத்தில் கறுப்பாகவே தெரிவதால் கருஞ்சிட்டு என்று கடந்துவிடுகிறார்கள். மைனாவை ஒட்டிய அளவும் நீண்ட அலகும் போதும் பிரித்தறிய. பெண்ணுக்கு அடிப்பக்கம் முழுக்கச் செதில் செதிலான கோடு.

பருந்து வகைகளில் முதிர்ந்தவை எளிது. வெண்வயிற்றுக் கடற்கழுகு இறகை மேல்நோக்கி உயர்த்திப் பிடித்து மிதக்கும், வால் ஆப்பு வடிவம். இளம் செம்பருந்தைக் கரும்பருந்திலிருந்து பிரிக்க வாலைப் பார்த்தால் போதும்: முன்னதற்கு உருண்டை, பின்னதற்குப் பிளவு.

பாறை முகத்தில் சுழலும் உழவாரன்களுக்குச் செயலியின் படப்பகுதி அவ்வளவாக உதவாது, வேகத்தில் படம் நிழலாகத்தான் விழும். இடுப்பில் வெள்ளை இருந்தால் நம் வீட்டுக்கூரை உழவாரன். உடல் முழுக்கப் பழுப்பாக இருந்து கடற்குகைப் பக்கம் சுற்றினால் இந்தியச் சிற்றுழவாரனாக இருக்க வாய்ப்பு உண்டு. வெங்குர்லா பாறைத்தீவுகளின் குகைகளில் அவை கூடு கட்டுகின்றன. இறகு அகன்று, அதிகம் மிதந்து, வாலை விரிக்கும்போது வெள்ளைப் புள்ளி வரிசை தெரிந்தால் அது பாறைத் தகைவிலான்.

ஒலியை வைத்துக் கண்டுபிடிப்பது

2021-இல் சேர்த்த இந்த வசதிதான் செயலிக்குப் பெரும் புகழ் தந்தது. மும்பையின் காடான சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் அந்தப் புகழுக்கு முழுத் தகுதி உண்டு. பாறைக்கரையில் கிடையாது. ஒலியை அலைப்படமாக மாற்றி அதில் பறவையின் வடிவத்தைத் தேடுவது இதன் வேலைமுறை. அலை உடையும் இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் பரவி அந்தப் படத்தையே மூடிவிடுகிறது, மைக்கில் மோதும் காற்று மிச்சத்தையும் மறைக்கிறது. போதாததற்கு இங்குள்ள பறவைகள் பலவும் குளிர்காலத்தில் வாய் திறப்பதே அரிது.

ஆனாலும் பவளக்காலி, சின்னக் கோட்டான் (ஆந்தை அல்ல, whimbrel), ஆட்காட்டி போன்ற உரத்த சீழ்க்கைக்காரர்களைப் பிடிக்கலாம். கடலுக்கு முதுகு காட்டி நின்று, கைபேசியை உடம்புக்கும் சுவருக்கும் நடுவே மார்பளவில் அசையாமல் பிடியுங்கள். மைக் துளையை விரல் மூடாமல் பாருங்கள். ஒரு பெயர் ஒரே ஒரு முறை மின்னி மறைந்தால் கணக்கில் எடுக்க வேண்டாம். பதிவைச் சேமித்து, அந்த நொடியைத் திரும்ப ஓடவிட்டு, செயலியிலேயே உள்ள மாதிரிக் குரலோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். சேவ்ரியின் சதுப்புக்காடு போன்ற அமைதியான இடத்தில் இதே வசதி நன்றாக உழைக்கும்.

மழைக்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை

ஜூன் முதல் ஆகஸ்ட்வரை தென்மேற்குக் காற்று நடுக்கடல் பறவைகளைக் கரைக்கு அடித்து வரும். முகமூடிக் கடல்வாத்து (masked booby), பழுப்பு நாடி ஆலா (brown noddy), கடிவாள ஆலா எல்லாம் மும்பையில் பதிவானவை. செயலியின் வாய்ப்புக் கணக்கு இங்கே எதிராக வேலை செய்யும். 'இன்று இருக்கக்கூடியவை' என்ற வடிகட்டியில் இவை பெரும்பாலும் வராது. அதை நீக்கி, தொகுப்பில் உள்ள எல்லாப் பறவைகளையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். இளம் முகமூடிக் கடல்வாத்துக்குத் தலை பழுப்பாக இருப்பதால் பழுப்புக் கடல்வாத்து என்று விடை வரக்கூடும். பழுப்புத் தலைக்கும் முதுகுக்கும் நடுவே வெள்ளைக் கழுத்துப்பட்டை இருக்கிறதா என்று பார்த்தால் தெளிவாகிவிடும்.

அப்படி ஒன்று பாறையிலோ நடைபாதையிலோ சோர்ந்து கிடந்தால் இனம் காண்பது பிறகு. கடலில் திருப்பி விடாதீர்கள், நீந்தும் தெம்பு அதற்கு இருக்காது. அலகு கூர்மையானது, முகத்துக்கு எட்டாமல் துண்டைப் போர்த்தி எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் நிழலில் வையுங்கள். வாயில் தண்ணீரோ மீனோ திணிக்க வேண்டாம். மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணுக்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள்.