24.5 போதுமா, 45.7 வேண்டுமா? நிக்கான் இசட் 6, இசட் 7 சென்சார்கள்

2018-இல் நிக்கான் இந்த இரண்டு கேமராக்களையும் ஒன்றாகத்தான் அறிவித்தது. உடம்பு ஏறக்குறைய ஒன்றே, பிரிவது சென்சாரில். இசட் 6-இல் 24.5 மெகாபிக்சல், இசட் 7-இல் 45.7. இரண்டுமே பிஎஸ்ஐ வகை, அதாவது ஒளி தடையின்றி விழும்படி வயரிங்கைப் பின்பக்கம் வைத்த சென்சார். நண்பரின் இசட் 7-ஐ இரண்டு வாரம் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு, நான் வாங்கியது இசட் 6.

பெரிய பிக்சல் என்றால் (எண்ணிக்கை குறைந்த இசட் 6-இல் இருப்பது அதுதான்) இரவில் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிகள், குறையும் என்பார்கள். பாதிதான் உண்மை. இசட் 7 படத்தை 24 மெகாபிக்சலுக்குச் சுருக்கிப் பக்கத்தில் வைத்தால், ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு) 3200 வரை வித்தியாசத்தைத் தேட வேண்டியிருந்தது. நல்ல வெளிச்சத்தில் இசட் 7-இன் கைதான் ஓங்கும். அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 64, இசட் 6-க்கு 100. மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) ஒளியைக் கூடுதலாக வாங்கிக்கொள்வதால், இருண்ட பகுதிகளைப் பிறகு வெளுப்பாக்கும்போது படம் சுத்தமாக இருக்கிறது.

சரி, அப்புறம் ஏன் இசட் 6? வாங்கிய பிறகு வரும் பாரம்தான் காரணம். 14 பிட் ரா கோப்பை (சென்சார் தரும் பதப்படுத்தாத தரவு) சுருக்காமல் கணக்குப் போட்டால், பிக்சல் தரவு மட்டும் இசட் 6-க்குப் படத்துக்கு 43 எம்பி, இசட் 7-க்கு 80. ஆயிரம் படம் எடுத்தால் 43 ஜிபி, 80 ஜிபி. நான் எதையும் மூன்று பிரதி வைப்பவன். ஆக 129-க்கு எதிரே 240. இழப்பில்லாமல் சுருக்கினால் இரண்டும் இறங்கும், விகிதம் அப்படியேதான் நிற்கும். மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க், திணறும் கணினி என்று செலவு ஒவ்வொன்றாக வந்து நிற்கும். இரவல் வாங்கிய இரண்டே வாரத்தில் என் டிஸ்க் நிறைந்துவிட்டது. இத்தனைக்கும் கிடைப்பது நீளவாக்கில் சுமார் 37 விழுக்காடு கூடுதல் பிக்சல்தான். 300 டிபிஐ-இல் (அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி) இசட் 6 படமே 20 அங்குல அகலத்துக்கு வரும். அதைவிடப் பெரிய அச்சு நான் போட்டதில்லை. போடுகிறவர்கள் என் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

வீடியோவில் போட்டியே இல்லை. இசட் 6 சென்சாரின் முழு அகலத்தையும் படித்து 4கே-வாகச் சுருக்குகிறது. இசட் 7 முழு அகலத்தில் சில பிக்சல் வரிகளைத் தாண்டிப் படிக்கிறது, அதனால் நுணுக்கம் குறைகிறது. இசட் 7-இல் லோ-பாஸ் வடிகட்டியும் (மிக நுண்ணிய விவரங்களைச் சற்றே மங்கலாக்கும் அடுக்கு) கிடையாது. கூர்மைக்கு அது இல்லாதது நல்லது, ஆனால் நெருக்கமாக நெய்த துணியில் சில சமயம் துணியில் இல்லாத அலைக் கோலம் படத்தில் தெரியும்.

பறவை எடுக்கப் போகும்போதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். தூரத்துப் பறவையைப் பெரிதாக்க, டிஎக்ஸ் அளவுக்கு (நிக்கானின் சிறிய சென்சார் அளவு) வெட்டினால் இசட் 7-இல் 19.5 மெகாபிக்சல் மிஞ்சும். என்னுடையதில் 10.3.