நல்லூர் ஒழுங்கையில் ஒரு யோகா வகுப்பு: எட்டு மாதங்களுக்குப் பின் எழுதும் மதிப்பீடு

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிடத் தொலைவில், பெயர்ப்பலகை எதுவும் இல்லாத ஒரு பழைய நாற்சார் வீட்டில், திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களும் காலை ஐந்தரை மணிக்கு ஒரு யோகா வகுப்பு நடைபெறுகிறது. நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பெயரையும் முகவரியையும் இங்கே தரவில்லை. அந்தச் சுற்றாடலில் எவரிடம் கேட்டாலும் 'யோகா ரீச்சர் வீடு' என்று வழி காட்டுவார்கள். மாதக் கட்டணம் 3000 ரூபா. தைப்பொங்கல் கழிந்த கிழமை சேர்ந்த நான் புரட்டாதி பிறந்த பின்பும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவள். நாளில் ஐந்து மணித்தியாலம் கரும்பலகை முன் நின்று, பின்னேரம் கொப்பிகளின் மேல் குனிந்து, இரவு படுக்கப் போகும்போது நாரி உளைவைத் தவிர வேறெதுவும் நினைவில் இராத நிலைக்கு வந்திருந்தேன். இதற்கு முன்னர் வேறோர் இடத்தில் ஆறு கிழமை பயின்றேன். அங்கே முதல் நாளிலேயே நாற்பது பேரையும் ஒன்றாக, தோளை ஊன்றிக் கால்களை மேலே நிறுத்தும் சர்வாங்காசனத்துக்கு ஏற்றினார்கள். அந்த ஆசனத்தில் உடற்பாரம் தோள்களில் இறங்க வேண்டும். பழக்கமில்லாதவருக்கு அது கழுத்து முள்ளந்தண்டில் இறங்கிவிடும். எனக்கு அப்படித்தான் இறங்கியது. ஒரு மாதம் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தேன். ஆகவே இந்த வகுப்புக்கு நான் நம்பிக்கையோடு வரவில்லை, பயத்தோடுதான் வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சேர்ந்த அன்று எந்த ஆசனமும் செய்விக்கவில்லை. ரீச்சர் ஒரு சீ.ஆர். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் கேள்வி கேட்டார். இரத்த அழுத்தம் எவ்வளவு, நீரிழிவு உண்டா, கண்ணில் அழுத்தம் இருப்பதாக எந்த வைத்தியராவது சொன்னாரா, வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்ததா, என்ன குளிசை எடுக்கிறேன், எத்தனை மணிக்குப் படுக்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். கண் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களையும் நெடுநேரம் தலையைத் தாழ்த்தும் ஆசனங்களையும் செய்யக்கூடாது. இதைக் கேட்காமலே ஒருவரைத் தலைகீழாக நிறுத்தும் இடங்கள் உண்டு. போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் தங்கள் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். யோகா செய்வதால் குளிசையை நிறுத்தலாம் என்று ரீச்சர் ஒருவருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. நீரிழிவை ஒரு மண்டலத்தில் மாற்றித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் மலிந்துவிட்ட காலத்தில் இந்த ஒன்றே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

முதல் மாதம் முழுவதும் நாங்கள் பயின்றவை நான்கு: நிற்றல், இருத்தல், கிடத்தல், எழும்புதல். வந்தவர்களில் சிலர் இதற்கா காசு கட்டினோம் என்று இரண்டாம் கிழமையே நின்றுவிட்டார்கள். அவர்களுடைய ஏமாற்றம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் சவாசனம் பழகிய மூன்றாம் நாள் நடந்ததைச் சொன்னால் நான் ஏன் நிற்கவில்லை என்பது விளங்கும். கண்களை மூடிக் கிடந்தேன். உடம்பு முழுவதும் தளர்ந்துவிட்டதாகவே நம்பினேன். ரீச்சர் வந்து என் வலது மணிக்கட்டை மெல்லப் பிடித்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிப் பின்னர் விட்டுவிட்டார். கை விழவில்லை. விட்ட இடத்திலேயே அந்தரத்தில் நின்றது. கண்ணைத் திறந்து என் கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். "பிள்ளை, ஆர் இப்ப இதைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறது?" என்று ரீச்சர் கேட்டார். எவரும் பிடிக்கவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை ஆண்டுகளாக அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. கை தானாக விழுவதற்கு எனக்கு ஏழு கிழமை எடுத்தது.

இந்த வகுப்பை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துவது ஆசனங்களின் எண்ணிக்கையோ கடினமோ அன்று. கற்ற ஒவ்வொன்றும் வீட்டிலே எந்த வேலையோடு சேர வேண்டும் என்று குறித்துத் தந்துவிடும் அந்த முறைதான். 'நாளுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்' என்று ரீச்சர் சொல்வதில்லை. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிற வீட்டில் அந்த அரை மணித்தியாலம் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். தாடாசனத்தைச் சொல்லித் தந்த அன்று, "நீற்றுப்பெட்டியிலை புட்டு அவியேக்கை அடுப்படியிலை நிண்டு இதைச் செய்யுங்கோ" என்றார். அடுத்த நாளே செய்தேன். மாவைப் பெட்டியில் இட்டு மூடி, ஆவி எழும்பும் வரை காத்திருக்கும் அந்த ஏழெட்டு நிமிடங்களில், இரண்டு பாதங்களையும் சேர்த்து, பாரம் பெருவிரல் அடிக்கும் சின்னவிரல் அடிக்கும் குதிக்காலுக்கும் சமமாகப் பரவுகிறதா என்று பார்த்தபடி நின்றேன். நான் எப்போதும் இடது காலில் பாரத்தைப் போட்டு வலது காலை மடக்கிச் சாய்ந்து நிற்பவள் என்பது அந்தச் சீமெந்து நிலத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. வகுப்பறையிலும் அப்படியேதான் நின்றிருக்கிறேன். நாரி உளைவின் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது.

திருவலையில் இருந்து தேங்காய் திருவுவதற்கும் ஒரு முழு வகுப்பே எடுத்தார். வீட்டிலிருந்து ஒரு திருவலையைக் கொண்டுவந்து மண்டபத்தின் நடுவில் வைத்து, ஒவ்வொருவராக இருத்திப் பார்த்தார். நாங்கள் எல்லோருமே முதுகின் மேற்பகுதியை வளைத்து, தோள்களை முன்னே தள்ளி, மூச்சை அடக்கிக்கொண்டு திருவினோம். இடுப்பு மூட்டிலிருந்து முன்னே சாய வேண்டும், முதுகு நீளமாக இருக்க வேண்டும், தேங்காய்ப் பாதியை அழுத்தும்போது மூச்சு வெளியே போக வேண்டும் என்று காட்டினார். இருந்து முன்மடியும் ஆசனங்களைப் பின்னர் கற்றபோது, அவற்றின் அடிப்படை ஏற்கெனவே எங்களுக்குக் கைவந்திருந்தது. வாளியில் தண்ணீர் அள்ளித் தூக்குவது, கூட்டுமாற்றைப் பிடிப்பது, சைக்கிள் கைபிடியில் தோளைத் தளர்த்தி வைப்பது என்று எங்கள் நாளாந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு திருத்தம் இருக்கிறது. பலருடைய நாளின் பெரும்பகுதி கிணற்றடியிலும் அடுப்படியிலும் கழிகிற இந்த ஊரில், யோகா அங்கே போக வேண்டும் என்று அவர் கருதுவது மிகச் சரியென்றே நினைக்கிறேன்.

மூச்சுப் பயிற்சியில் ரீச்சர் காட்டும் நிதானம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. வகுப்புக்கு வரும் ஓய்வூதியர் ஒருவர் திருமந்திரம் நன்கு படித்தவர். மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் மூச்சை உள்ளிழுக்கும் பூரகத்துக்கு 16, அடக்கும் கும்பகத்துக்கு 64, வெளிவிடும் இரேசகத்துக்கு 32 என்று மாத்திரைக் கணக்கு வகுத்திருக்கிறாரே, அதை ஏன் பழக்குவதில்லை என்று அவர் கேட்டார். "ஐயா, உங்களுக்கு இப்ப பிரஷர் எவ்வளவு?" என்று ரீச்சர் திருப்பிக் கேட்டார். பின்னர் பொறுமையாக விளக்கினார். அந்தக் கணக்கு இயமம், நியமம் என்னும் ஒழுக்கங்களும் ஆசனமும் நிலைபெற்ற பின் குருவின் அருகில் இருந்து பழக வேண்டியது. யோகத்தின் எட்டு அங்கங்களான அட்டாங்கத்தில் மூச்சுப் பயிற்சியாகிய பிராணாயாமம் நான்காவதாக வைக்கப்பட்டிருப்பது காரணமில்லாமல் அன்று. இரத்த அழுத்தம் உள்ள ஒருவர் மூச்சை நெடுநேரம் அடக்குவது ஆபத்தாகலாம். அவர் எங்களுக்குத் தரும் கணக்கு மிக எளியது. நான்கு எண்ணும் அளவுக்கு உள்ளே, ஆறு எண்ணும் அளவுக்கு வெளியே, அடக்குதல் இல்லை. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுத் தாழ்வதால், வெளிமூச்சை நீட்டுவது உடம்பை அமைதிப்படுத்துகிறது. "மூச்சை இழுக்காதேங்கோ, வர விடுங்கோ" என்பதை இந்த எட்டு மாதத்தில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

வகுப்பின் தொடக்கத்தில் கூட்டுப் பாடலோ மந்திரமோ இல்லை. இரண்டு நிமிடம் அமைதி மட்டும் உண்டு. அந்த இரண்டு நிமிடத்தில் தேவாரம் நினைப்பவர் தேவாரம் நினைக்கலாம், செபம் நினைப்பவர் செபம் நினைக்கலாம். எங்களோடு கத்தோலிக்கப் பெண்கள் மூவர் பயில்கிறார்கள். யோகம் என்றால் கொழும்புத்துறையில் வாழ்ந்த ஞானி யோகர் சுவாமிகளை நினைத்துக் கைகூப்பும் ஊர் இது. அந்தப் பற்றைக் குறைக்காமலும், பிற சமயத்தவர் கூசி ஒதுங்காமலும் ஒரு வகுப்பை நடத்துவது எளிதன்று.

இனி, எனக்கு மிகவும் பிடித்த விதியைச் சொல்கிறேன். ஒரு கிழமையில் கற்ற ஒன்றை அந்தக் கிழமைக்குள் வீட்டிலோ அயலிலோ ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். சொல்லிக் கொடுக்கும்போதுதான் எது விளங்கவில்லை என்பது தெரியும் என்பது ரீச்சரின் எண்ணம். இருபத்திரண்டு ஆண்டுகள் கற்பித்தவளாக அதை நான் முற்றாக ஏற்கிறேன். ஆனால் சரிந்து விழாமல் கதிரையிலிருந்து எழும்புவது எப்படி என்பதை என் மாமிக்கு விளக்கப் போய் நான் தடுமாறிய அளவுக்கு இலக்கணம் கற்பிக்கும்போது ஒருநாளும் தடுமாறியதில்லை. மாமிக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்தவை. "இந்த வயதிலை எனக்கேன் பிள்ளை உது?" என்று முதலில் மறுத்தார். நான் செய்து காட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நீ காலைப் பின்னாலை வைச்செல்லோ எழும்புறாய், அதைச் சொல்லேல்லையே" என்றார். உண்மைதான். எழும்புவதற்கு முன் பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே கொண்டுவர வேண்டும் என்ற முக்கியமான படியை நான் சொல்லாமலே விட்டிருந்தேன். இன்று மாமி விறாந்தைக் கதிரையிலிருந்து காலையில் ஐந்து தடவை, மாலையில் ஐந்து தடவை கையூன்றாமல் எழும்பி இருக்கிறார். முழங்காலை மடித்துக் குதிக்கால்களின் மேல் இருக்கும் வச்சிராசனத்தை அவருக்குக் காட்டவே கூடாது என்று ரீச்சர் முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருந்தார்.

பாடசாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, இடைவேளை முடிந்து வந்ததும் நான்குக்கு ஆறு மூச்சைப் பத்துத் தடவை செய்விக்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. வேர்த்து விறுவிறுத்து வந்து இருக்கும் பிள்ளைகள் அதன் பின் கொப்பியைத் திறக்கும் சத்தமே வேறாக இருக்கிறது.

குறைகளும் உண்டு, அவற்றையும் மறைக்காமல் எழுதுவதே முறை. முதலாவது, நுளம்புத்திரி. மண்டபத்தின் ஒரு பக்கம் முற்றத்துக்குத் திறந்திருப்பதால் விடியற்காலையில் நுளம்பு அதிகம். டெங்கு பரவும் மாதங்களில் திரி கொளுத்துவதன் காரணம் விளங்குகிறது. ஆயினும் அந்தப் புகையின் நடுவில் இருந்து ஆழ்ந்து மூச்செடுப்பது யோகாவுக்கே முரணானது. நான் எடுத்துச் சொன்ன பின்னர் மூச்சுப் பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் திரியை அணைக்கிறார்கள், மணம் போவதில்லை. ஒரு நுளம்புவலைத் தட்டி அடித்தால் தீரும் விடயம் இது.

இரண்டாவது, வகுப்பில் இப்போது இருபத்தாறு பேர் இருக்கிறோம். ஒவ்வொருவரின் பாதத்தையும் தோளையும் பார்த்துத் திருத்துவதுதான் ரீச்சரின் பலம். அதற்குப் பதினைந்து பேரே அளவு. அண்மைக் காலமாகச் சில நாட்களில் என் பக்கம் அவர் வராமலே வகுப்பு முடிகிறது. மூன்றாவது, கட்டணம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனப் போக்குவரத்து மூடப்படுவதால் வகுப்பும் நிறுத்தப்படுகிறது. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அந்த மாதமும் முழுக் கட்டணம் வாங்கப்பட்டதுதான் சரியாகப் படவில்லை. ஒருவர் வாய்விட்டுக் கேட்டால் ரீச்சர் குறைத்திருப்பார் என்றே நம்புகிறேன், ஆனால் எங்கள் ஊரில் ஆசிரியரிடம் காசுக் கணக்குக் கேட்க ஒருவருக்கும் வாய் வராது. ஆகவே அதை அவரே அறிவித்துவிடுவது நல்லது. மழைக்காலத்தில் ஒழுங்கையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்குமென்று பழையவர்கள் சொல்கிறார்கள்; கார்த்திகையில்தான் அதைப் பார்க்க வேண்டும்.

உடல் வளையும் இளவயதினர், கடினமான ஆசனங்களை விரைவாகக் கற்க விரும்புவோர் இங்கே சலித்துப்போவார்கள். அவர்களுக்கு வேறு இடங்கள் பொருந்தும். நின்று நின்று நாரி நொந்தவர்கள், பிள்ளை பெற்று ஆண்டுகள் சென்றும் உடம்பு பழைய நிலைக்கு வராதவர்கள், நான் பட்டதுபோல ஒரு தடவை காயப்பட்டுப் பயந்தவர்கள், வயதானவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் ஆகியோர் தயங்காமல் போகலாம். புதியவர்களை மாதத்தின் முதற் கிழமையில் மட்டுமே சேர்க்கிறார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும். யாழ்ப்பாண நகரக் கடைகளில் விற்கும் விலை கூடிய ரப்பர் விரிப்பு எதுவும் தேவையில்லை. நிற்கும் பயிற்சிகள் வெறும் சீமெந்து நிலத்திலேயே நடைபெறுகின்றன. கிடக்கும் பயிற்சிக்கு ஒரு பாயும், கழுத்துக்கோ முழங்காலுக்கோ மடித்து வைக்க ஒரு பழைய பருத்திச் சேலையும் கொண்டுபோனால் போதும். சேலை நன்றாகத் தோய்த்து நைந்ததாக இருக்கட்டும். புதுச் சேலை மடிப்பில் நில்லாமல் வழுக்குகிறது.