பழைய மேடை விளக்குகள்: வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் செலவு வேறு

பழைய மேடை விளக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், அதைத் திறக்க எத்தனை திருகு கழற்ற வேண்டும் என்றுதான் முதலில் கேட்பேன். பிராண்டு, வாட், வெளிச்சம் எல்லாம் அப்புறம். சிங்கப்பூரில் உதிரிபாகம் பெரும்பாலும் மலிவாகக் கிடைத்துவிடும். அதை மாட்டித் தருபவரின் நேரம்தான் பில்லை ஏற்றுகிறது. ஐந்து நிமிடத்தில் திறந்து மூடக்கூடிய விளக்கைக் குழுவில் இருக்கும் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். பிரிக்கவே ஒரு மணி நேரம் எடுக்கும் விளக்கு எவ்வளவு மலிவாக வந்திருந்தாலும் இரண்டாவது பழுதில் வாங்கிய விலையைத் தாண்டிவிடும். ஏழெட்டு ஆண்டுகளாகப் பழைய விளக்குகளோடு உழன்றதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது.

எங்களுடையது சின்னத் தமிழ் நாடகக் குழு. நாடகம் போக, ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள், சமூக மன்றத்துத் தீபாவளி, பொங்கல் மேடைகள், தெரிந்த வீட்டுப் பிள்ளைகளின் அரங்கேற்றம் என்று ஆண்டு முழுக்க ஏதாவது இருக்கும். எஸ்பிளனேட் போன்ற அரங்கில் விளக்கும் ஆளும் அங்கேயே இருப்பார்கள், நாம் கையை வீசிக்கொண்டு போகலாம். சமூக மன்றத்திலும் பள்ளி மண்டபத்திலும் அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் வாடகைக்கு எடுத்துக் கட்டுப்படியாகாததால் சொந்தமாகச் சேர்க்க ஆரம்பித்தோம். எல்இடிக்கு மாறிய ஒரு பள்ளி மண்டபத்திலிருந்து ஹாலஜன் புரொஃபைல்களும் (கூர்மையான விளிம்புள்ள ஒளிவட்டம் தருபவை) ஃப்ரெனல்களும் (விளிம்பு மென்மையாக விழுபவை) வந்தன. விளக்குகளை வாடகைக்கு விடும் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து எல்இடி பார் (PAR) எனப்படும் வட்ட முக விளக்குகளும், தலை சுழன்று ஒளியைத் திருப்பும் மூவிங் ஹெட் இரண்டும் வந்தன. அவற்றை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பிறகு எது எவ்வளவு தின்றது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் ஹாலஜன் புரொஃபைல். எங்களிடம் இருப்பவை ஈடிசி சோர்ஸ் ஃபோர். 1992ல் வந்த வடிவமைப்பு, இன்றும் உலகம் முழுக்க மேடைகளில் தொங்குகிறது. 575 வாட் பல்பில், அதற்கு முன் 1000 வாட் விளக்குகள் தந்த வெளிச்சத்தைத் தந்ததால்தான் இது அவ்வளவு பரவியது. எனக்கு இதில் பிடித்தது வேறு: பின்னால் ஒரே ஒரு பெரிய திருகைச் சுழற்றினால் பல்பும் சாக்கெட்டும் சேர்ந்து கையோடு வெளியே வந்துவிடும். ஒன்று 80 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினோம். பல்பு செலவை விட்டுப் பார்த்தால், இத்தனை ஆண்டில் ஒரு விளக்குக்கு 40 வெள்ளிகூட ஆகவில்லை.

ஆனால் சாக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பழைய ஹாலஜனில் காசு வீணாவது பெரும்பாலும் அங்கேதான். பல்பின் கால் உட்காரும் உலோகப் பிடி காலப்போக்கில் தளர்ந்து கறுத்துவிடும். தளர்ந்த இடத்தில் மின்பொறி பறக்கும், சூடு ஏறும், பல்பின் காலில் சின்னச் சின்னப் பள்ளம் விழும். ‘பல்பு சீக்கிரம் போய்விட்டது’ என்று புதுப் பல்பை அதே சாக்கெட்டில் மாட்டினால் அதன் காலும் கருகும். கருகிய காலுள்ள பல்பை நல்ல சாக்கெட்டில் மாட்டினால் அந்த நல்ல சாக்கெட்டும் கெடும். ஆகவே ஒரு பல்பு வழக்கத்தைவிட முன்னதாகப் போனால் அதன் காலைப் பாருங்கள். கறுப்போ பள்ளமோ இருந்தால் சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். 15, 20 வெள்ளிச் சாக்கெட்டைத் தள்ளிப்போட்டு, அதைவிட விலையுள்ள பல்புகளை வரிசையாகப் பலி கொடுப்பதை நிறைய இடங்களில் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை.

பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேர் கவனிக்காதது மின்னழுத்தம். பல்புக்குப் போகும் மின்னழுத்தம் 5 விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும். பார் 64 என்ற ஹாலஜன் விளக்கில் போடும் 1000 வாட் சிபி62 வகைப் பல்புக்குக் கணக்கிட்ட ஆயுளே 300 மணி நேரம்தான், அதனால் இது சின்ன விஷயமில்லை. முழு வெளிச்சம் தேவையில்லாத காட்சியில் கொஞ்சம் இறக்கியே வைப்பேன். பரதநாட்டியத்துக்கு அந்தச் சற்றே சிவந்த வெளிச்சம் பட்டுப்புடவையிலும் முகத்திலும் இன்னும் அழகாகவே விழுகிறது.

ஹாலஜனுக்கு இன்னொரு செலவு டிம்மர், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. இதை மறந்துவிட்டுத்தான் பலர் விளக்கை மட்டும் வாங்கி வருகிறார்கள். பழைய டிம்மரில் ஒரு விளக்கு எவ்வளவு இறக்கினாலும் அணையாமல் முழு வெளிச்சத்தில் நின்றால், உள்ளே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரையாக் என்ற பாகம் ஷார்ட் ஆகியிருக்கும். பாகம் சில வெள்ளிதான், தெரிந்தவர் கையில் அரை மணி வேலை. அப்புறம் மின்சாரம். சமூக மன்றத்தில் இருப்பது பெரும்பாலும் 13 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டில் 1000 வாட் விளக்கு ஒன்று நாலேகால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மூன்று போட்டால் அந்தப் பிளக்கின் எல்லை வந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி இணைப்பு, அதற்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் என்று செலவு விளக்கை விட்டு வேறு பக்கம் போகும். ஹாலஜனை நான் எவ்வளவு நேசித்தாலும், முன்பக்க வெளிச்சத்துக்கு நாலைந்து மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எல்இடிக்கு விட்டது இதனால்தான்.

மிகப் பழைய விளக்கு, அதாவது 1980களுக்கு முந்தையது என்று சந்தேகம் வந்தால், திறக்கவே வேண்டாம். அந்தக் காலத்து விளக்குகள் சிலவற்றில் உள்வயருக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை இருக்கும். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எல்இடி பார் விளக்குகளில் பழுது என்று வந்தால் பத்தில் பெரும்பகுதி பவர் சப்ளையும் ஃபேனும்தான், எல்இடி அல்ல. பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் சூட்டில் காய்ந்துபோகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஃபேனில் தூசி அடைத்தால் உள்ளே சூடு ஏறும், சூடு ஏறினால் கெபாசிட்டர் போகும், விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். அதாவது 6 வெள்ளி ஃபேனைக் கவனிக்காததால் 25 வெள்ளிப் பவர் சப்ளை போகிறது. ஃபேனும் கெபாசிட்டரும் வேண்டுமானால் ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் கிடைக்கும். பக்கத்தில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேர் வேறு, அங்கே போய் அலைய வேண்டாம். முன்பு சுங்கை ரோடு சந்தையிலும் ஏதாவது அகப்படும். அது 2017 ஜூலையில் மூடப்பட்டதிலிருந்து அந்த மாதிரித் துழாவுவதற்கு இடமில்லை.

சரி, ஒரு நிறம் மட்டும் பாதியில் போய்விட்டால்? பெரும்பாலும் எல்இடிகளைச் சரமாக இணைத்திருப்பார்கள், ஒன்று போனால் அந்தச் சரமே அணைந்துவிடும். ஒற்றை எல்இடியை மாற்றலாம், ஆனால் அலுமினியப் பலகை சூட்டை இழுத்துக்கொள்வதால் சாதாரண சால்டரிங் அயர்னுக்கு மசியாது, அடியிலிருந்து சூடேற்ற வேண்டும். மாற்றினாலும் புது எல்இடியின் சாயல் பழையவற்றோடு ஒட்டாது. பின்திரைக்கு வண்ணம் பூசும்போது அந்த ஒரு விளக்கு தனியாகத் தெரியும். அதனால் அப்படிப்பட்ட விளக்கை நான் பழுது பார்ப்பதில்லை, உதிரிக்கு வைத்துக்கொள்கிறேன். ஒரே மாடலில் தேவைக்கு மேல் இரண்டு மூன்று வாங்கி வைத்தது இத்தனை ஆண்டில் எங்களுக்கு மிகவும் கைகொடுத்த முடிவு. உறை, கண்ணாடி, பட்டன் பலகை, ஃபேன் எல்லாம் அவற்றிலிருந்தே வந்தன.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன். பவர் சப்ளையில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். தெரியாதவர்கள் அதைத் தொட வேண்டாம். பவர் சப்ளையைப் பழுது பார்க்காமல் முழுதாக மாற்றிவிடுங்கள், அதுதான் மலிவும்கூட.

இப்போது மூவிங் ஹெட். எங்களுடையவை 189 வாட் 5ஆர் பல்பு போடும் பீம் (குறுகிய ஒளிக்கற்றை) வகை. ஒன்று 350 வெள்ளி. பார்வைக்கு ராஜா மாதிரி, மேடையில் சுழன்றால் பிள்ளைகள் கைதட்டும். ஒவ்வொன்றுக்கும் இதுவரை 600 வெள்ளிக்கு மேல் போய்விட்டது.

எங்கே போனது? பல்பிலிருந்து ஆரம்பிக்கலாம். இவ்வகைப் பல்புக்கு 2000 மணி நேரம் என்பார்கள். மெனுவில் பல்பு மணிநேரம் காட்டும், ஆனால் அதை யார் வேண்டுமானாலும் பூஜ்யத்துக்குத் திருப்பலாம், ஆகவே விளக்கின் மொத்த மணிநேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அசல் பல்பு எங்களுக்கு 150 வெள்ளி வரை வந்தது. நகல் பல்பு அதில் பாதிகூட இல்லை, ஆனால் சில மாதங்களிலேயே வெளிச்சம் மங்கி, நிறம் மாறி, இரண்டு விளக்கும் இரண்டு விதமாக எரிந்தன. ஆயுள் முடிந்த பல்பை இழுத்துப்பிடித்து ஓட்டுவதும் கூடாது. உள்ளே அழுத்தம் அதிகம், வெடித்தால் பிரதிபலிப்பானும் சேர்ந்து போகும். நிகழ்ச்சி முடிந்ததும் சட்டென்று மின்சாரத்தை நிறுத்தாமல், பல்பை மட்டும் அணைத்து ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் ஆயுள் மிஞ்சும். மண்டபத்தைப் பத்து மணிக்குப் பூட்ட வேண்டும் என்று அவசரப்படுத்தும் இடங்களில் இதைச் சொல்லிப் புரியவைப்பதே பெரிய பாடு.

அப்புறம் ஹேஸ், அதாவது மேடையில் பரப்பும் மெல்லிய புகைமூட்டம். ஒளிக்கற்றை தெரிய ஹேஸ் வேண்டும். அந்த ஹேஸ் திரவம்தான் லென்ஸிலும் ஃபேனிலும் வண்ணச் சக்கரத்திலும் ஒட்டும் படலமாகப் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்கிறது. சுத்தம் செய்ய ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் போதும், ஆனால் வேலை நுணுக்கமானது. காற்றடித்துத் தூசி எடுக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழலவிட்டால் பேரிங் போகும். வெளியே சர்வீஸ் கொடுத்தால் திறந்து பார்க்கவே 80 வெள்ளி கேட்கிறார்கள். ஊபி, காக்கி புக்கிட் பக்கத் தொழிற்கூடங்களின் வாடகையையும் ஆள் சம்பளத்தையும் நினைத்தால் அந்தத் தொகையில் எனக்குக் குறையில்லை.

குறை உண்டு என்றால் இதுதான். ஒரு மூவிங் ஹெட்டில், ஒளியில் வடிவங்களைக் காட்டும் கோபோ சக்கரம் தன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் கொடுத்த பட்டறை, மெயின் போர்டு போய்விட்டது என்று புதுப் போர்டு போட்டு 280 வெள்ளி வாங்கியது. சில வாரத்தில் அதே பழுது திரும்பி வந்தது. இந்த முறை குழுவில் ஒரு தம்பி, பாலிடெக்னிக்கில் மின்னணு படிப்பவர், பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார். சக்கரத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கும் குட்டிக் காந்தம் சூட்டில் பிடிப்பு விட்டு நகர்ந்திருந்தது. அந்தக் காந்தத்தைப் பார்த்துத்தான் ஹால் சென்சர் சக்கரம் எங்கே நிற்கிறது என்று அறியும். சூடு தாங்கும் பசையில் ஒட்டியதும் சரியாகிவிட்டது. போர்டை மாற்றச் சொன்னால், பழைய போர்டைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள், என்ன பழுது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான பட்டறைக்காரர்கள் இதற்குத் தயங்குவதே இல்லை.

இதே போல, விளக்கு பழுது என்று பட்டறைக்குப் போவதில் கணிசமானவை விளக்கின் பழுதே அல்ல, கேபிளின் பழுது. விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் 512 சிக்னலுக்கு மைக் கேபிளைப் போட்டு, சிக்னல் எதிரொலித்துத் திரும்பாமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டரைக் கடைசி விளக்கில் மாட்டாமல் விட்டால் விளக்குகள் தாமாக மினுக்கும், ஆடும். டெர்மினேட்டருக்கு ஆகும் செலவு சில காசு. அதை மாட்டியும் ஒரு விளக்கு மட்டும் கட்டளைக்கு அசையாவிட்டால், உள்ளே சிக்னலை வாங்கும், எட்டுக் கால் உள்ள ஆர்எஸ் 485 சிப் போயிருக்கலாம், அதுவும் ஓரிரு வெள்ளிதான்.

நம் ஊர் ஈரப்பதம் இன்னொரு செலவு. ஆண்டு முழுக்கச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். கனெக்டர் முள்ளில் பச்சை படிகிறது, திருகுகள் துருப்பிடிக்கின்றன. நான் அதிகம் பயப்படுவது, விளக்கை வைத்துத் தூக்கிச்செல்லும் பெட்டியான ஃப்ளைட் கேஸின் உள்ளே இருக்கும் ஃபோம். சில ஆண்டுகளில் அது ஈரத்தில் சிதைந்து பிசுபிசுப்பான பொடியாக உதிரும். அந்தப் பொடி நேராக ஃபேனுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், துடைத்தாலும் வராது. பழைய விளக்கைப் பெட்டியோடு வாங்கினால் முதல் வேலையாக அந்த ஃபோமைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புது ஃபோம் ஒட்டுங்கள். சிலிகா ஜெல் பைகள் போட்டு மூடிவையுங்கள். மாதம் ஒரு முறையாவது எல்லா விளக்கையும் எரியவிடுங்கள், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் போகும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் எர்த் தொடர்பையும் இன்சுலேஷனையும் சோதிப்பேன், இன்சுலேஷன் தடை 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கிய விளக்கு மேடைக்கு வராது. கீழே குழந்தைகள் ஆடுகிறார்கள். விளக்கைத் தொங்கவிடும் கிளாம்ப், அது நழுவினால் தாங்கிப் பிடிக்கும் சேஃப்டி கேபிள் இரண்டையும் மட்டும் நான் பழையதாக வாங்குவதே இல்லை.

வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வரவழைக்கும்போது அனுப்பும் செலவோடு 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2023லிருந்து 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும் ஜிஎஸ்டி உண்டு. 12 வெள்ளி பெல்ட் வீட்டுக்கு வந்து சேரும்போது 35 ஆன அனுபவம் எங்களுக்கு இருக்கிறது.

மூவிங் ஹெட் இரண்டையும் இந்த ஆண்டு உதிரிக்குக் கொடுத்துவிடப் போகிறோம். தேவைப்படும் ஓரிரு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுத்தால், பழுதும் பல்பும் வாடகைக்கு விடுபவர் பாடு. அந்தக் காசில் எல்இடி பார் விளக்குகளுக்கு மொத்தமாகப் புது ஃபேன் மாட்டுகிறோம். ஹாலஜன் புரொஃபைல்கள் எங்களோடுதான் இருக்கும். பல்புத் தயாரிப்பு குறைந்துகொண்டே வருவதால் கொஞ்சம் பல்பு வாங்கி வைத்திருக்கிறேன். அதுவும் தீர்ந்தால் முன்பக்க லென்ஸ் குழாயை அப்படியே வைத்துக்கொண்டு பின்பாதிக்கு எல்இடி பாகம் மாட்டலாம். புது எல்இடி புரொஃபைலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதைவிட அது மேல்.

வாங்கப் போகிறவர்கள் நேரில் போங்கள். ஒரு மணி நேரமாவது முழு வெளிச்சத்தில் எரியவிட்டுப் பாருங்கள், சூட்டில் வரும் பழுது முதல் பத்து நிமிடத்தில் தெரியாது. ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஸ்க்ரூடிரைவரை நீங்களே எடுத்துப் போங்கள்.