பழைய பிஎச்பி–மைஎஸ்க்யூஎல் புத்தகம்: இப்போது வாங்கலாமா?

பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வெப் அப்ளிகேஷன் கற்றுக்கொள்ள இது போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பிஎச்பி என்ற வெப் நிரல் மொழியையும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸையும் சேர்த்துச் சொல்லித்தரும் தடித்த ஆங்கிலப் புத்தகம், 2010 வாக்கில் வந்த பதிப்பு. பெயர் வேண்டாம், அந்தக் காலத்தில் வந்த பலவற்றுக்கும் இது பொருந்தும். பல வருடமாகக் கையில் புரளும் புத்தகம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

டேபிள் வடிவமைப்பு பற்றிய அத்தியாயம் அருமை. கோடு (நிரல்) எழுதும் முன் தாளில் டேபிள்களை வரையச் சொல்கிறது. நூலக இரவலை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் டேபிளிலேயே 'யாரிடம் இருக்கிறது' என்று ஒரு ஃபீல்டு வைக்கத்தான் முதலில் தோன்றும். அடுத்தவர் வாங்கிப்போனதும் முந்தைய விவரம் அழிந்துவிடும். நூல், உறுப்பினர், இரவல் என மூன்றாகப் பிரித்து, இரவலில் நூல் ஐடி, உறுப்பினர் ஐடி, கொடுத்த தேதி, திரும்பிய தேதி வைத்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும். வெளியே இருக்கும் நூலுக்குத் திரும்பிய தேதி நல் (NULL), அதாவது மதிப்பே இல்லை. அதைத் தேட '= நல்' என்று எழுதினால் ஒரு ரெக்கார்டும் வராது, பிழைச் செய்தியும் வராது. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை நல்தான், உண்மை ஆகாது. 'இஸ் நல்' என்றுதான் கேட்க வேண்டும். எல்லா நூல்களும் வரும்படி இரவல் டேபிளை இணைக்க லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு, வலப்பக்க டேபிளின் தேதியை வேர் (WHERE) பகுதியில் வடிகட்டினால் இரவலே போகாத நூல்கள் காணாமல் போகும். அந்த நிபந்தனை ஆன் (ON) பகுதிக்குள் இருக்க வேண்டும். இதையெல்லாம் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தரும் புத்தகம் குறைவு.

இனி கோபம். ஃபார்மிலிருந்து வரும் பெயரை அப்படியே குவெரிக்குள் (டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளைக்குள்) ஒட்டுகிறது இந்தப் புத்தகம். ஏதோ ஓர் இடத்தில் அல்ல, ஏறக்குறைய எல்லா உதாரணத்திலும். டி'சோசா என்று ஓர் உறுப்பினர் வந்தால் நடுவிலுள்ள மேற்கோள் குறியில் குவெரி உடையும். கெட்ட எண்ணத்தோடு ஒருவர் பெயர்க் கட்டத்தில் ' ஆர் '1'='1' # என்று (ஆர் என்பது OR) தட்டினால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வந்துவிடுவார். இதற்கான எச்சரிக்கை கடைசி அத்தியாயத்தில் வருகிறது. அதற்குள் ஒட்டும் பழக்கம் விரலில் ஏறிவிடும். மதிப்பைக் குவெரியில் ஒட்டாமல் தனியாகக் கொடுக்க வழிதரும் பிடிஓ (PDO) 2005-லேயே பிஎச்பி 5.1-உடன் வந்துவிட்டது. பின்னால் வந்த புத்தகத்துக்கு என்ன சாக்கு?

அதில் உள்ள பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் 2013-ல் பிஎச்பி 5.5-இல் கைவிடப்பட வேண்டியவையாக அறிவிக்கப்பட்டன. 2015 டிசம்பரில் வந்த 7.0-இல் நீக்கப்பட்டே விட்டன. இன்று ஓட்டினால் 'வரையறுக்கப்படாத ஃபங்ஷன்' என்று முதல் இணைப்பிலேயே நின்றுவிடும். பெயரில் மைஎஸ்க்யூஎல் என்பதன் பின்னால் ஓர் 'ஐ' (i) சேர்த்து ஒப்பேற்றாதீர்கள். குவெரி ஃபங்ஷனுக்கு இணைப்பை முதல் அளவுருவாகக் கொடுக்க வேண்டும், பெயரை ஒட்டுவதால் வரும் பாதுகாப்பு ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். பிடிஓவுக்கு மாறுங்கள். மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி, பிறகு பிரிப்பேர் (தயார்செய்தல்), எக்ஸிகியூட்டில் (இயக்குதல்) மதிப்புகளின் அரே (பட்டியல்). இணைப்பில் சார்செட் (எழுத்துக் குறியீட்டு முறை) யுடிஎஃப்8எம்பி4. ஒன்று மட்டும் தடுக்கும்: எத்தனை ரெக்கார்டு என்று சொல்லும் லிமிட்டுக்குக் கேள்விக்குறி வைத்து எக்ஸிகியூட்டில் எண் கொடுத்தால், எமுலேஷன் (பிடிஓவே மதிப்பைக் குவெரியில் பொருத்தி அனுப்பும் முறை) இயங்கும்போது அது '10' என்று மேற்கோளோடு போய்ப் பிழை தரும். முழு எண் வகை சொல்லி பைண்ட் செய்ய வேண்டும்.

பாஸ்வேர்டை மறைத்துச் சேமிக்க எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறையும் 32 எழுத்து ஃபீல்டும் சொல்கிறது. இப்போது பாஸ்வேர்டு ஹேஷ் ஃபங்ஷன்தான். அது தரும் பிகிரிப்ட் விடை 60 எழுத்து. 32-ஐ மாற்றாமல் விட்டால், ஸ்ட்ரிக்ட் மோடு (பொருந்தாத தரவை மறுக்கும் அமைப்பு) இல்லாத சர்வரில் சத்தமில்லாமல் வெட்டுப்படும்; பதிவு நடக்கும், லாகின் மட்டும் ஒருநாளும் நடக்காது. 255 வையுங்கள். செல் எண்ணுக்கு இன்டிஜர் (முழு எண் வகை) என்பது இன்னொரு வம்பு. நம் பத்து இலக்க எண்கள் அதில் அடங்காது. அதே சர்வரில் எல்லாருக்கும் 2147483647 என்றே பதிவாகும். எழுத்தாகச் சேமிக்கும் வார்சார்தான் சரி.

தமிழில் தரவு வைப்பவர்களுக்கு இந்தப் புத்தகம் கைகொடுக்காது. 'நூலகம்' என்ற சொல்லுக்கு நீளம் சொல்லும் எஸ்டிஆர்லென், பைட்டுகளை எண்ணி 18 என்கும்; யூனிகோடு குறியீடுகளை எண்ணும் எம்பி வகை 6, கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும் கிராஃபீம் வகை 4. நாம் எண்ணுவது 4. தலைப்பைச் சுருக்க, சரத்தை வெட்டும் சாதாரண சப்ஸ்டிஆர் போட்டால் எழுத்து நடுவில் அறுந்து கேள்விக்குறிக் கட்டம் தெரியும். ஸ்ட்ரிக்ட் மோடு இல்லாத சர்வரில், யுடிஎஃப்8எம்பி4 இணைப்பிலிருந்து, தமிழ் எழுத்தே இல்லாத லேட்டின்1 டேபிளில் சேமித்தால் மொத்தமும் கேள்விக்குறி. அதைத் திரும்ப மீட்க வழியே இல்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். நூலகத்தில் இருந்தால் டேபிள் வடிவமைப்பு, ஜாயின் இரண்டு அத்தியாயத்தையும் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோடு பகுதிக்கு பிஎச்பியின் அதிகாரபூர்வ மேனுவல் இலவசம். பிடிஓ பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.