பழைய இரட்டைக்குழலுக்கு மென்மையான தோட்டா: பல வருட ரீலோடிங் அனுபவம்

பினாங்கில் இருந்துகொண்டு தோட்டா கட்டுவது பற்றி, அதாவது சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் ரவையும் நிரப்பும் ரீலோடிங் பற்றி எழுதுகிறேனே என்று யாரும் பதற வேண்டாம், இதில் எதுவும் இங்கே செய்தது இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மலேசியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். பாயான் லெப்பாஸ் வேலை என்னை அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்த வருடங்களில், பென்சில்வேனியாவில் அக்கா வீட்டு கராஜில், அத்தானோடு சேர்ந்து செய்தது. துப்பாக்கியும் அவருடையது, இயந்திரமும் அவருடையது, வெடிமருந்தை நிறுக்கும் வேலை மட்டும் என் தலையில்.

துப்பாக்கி பர்மிங்காமில் செய்த 12 போர் (குழலின் அளவு) பாக்ஸ்லாக் (சுடும் பொறியின் வகை), இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. பிறகு எப்போதோ மறுபடி சோதனைக்குப் போய் குழலின் அடியில் '3 டன்' முத்திரை வாங்கியிருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 3 டன் அழுத்தம் என்று பொருள்படும் இதை, டன்னுக்கு 2,240 பவுண்டு என்று பெருக்கி 6,720 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. அப்படிப் போடக் கூடாது. அது உலோகத் துண்டு எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து அளந்த பழைய முறை, இன்றைய மின்னணுக் கருவி அதே தோட்டாவுக்கு அதைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டும். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான். நாங்கள் கடைப்பிடித்தது எளிது: அமெரிக்காவில் 12 கேஜுக்கு (12 போரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) உச்ச வரம்பு 11,500 பிஎஸ்ஐ, வெடிமருந்து கம்பெனிகள் வெளியிடும் பட்டியலில் 7,500க்குக் கீழே இருப்பதை மட்டும் எடுப்போம்.

ஆனால் அழுத்தம் குறைந்தால் உதையும் குறையும் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் பெரிய தவறான நம்பிக்கை. இரண்டும் வேறு. உதை என்பது எவ்வளவு எடை ரவையை (தோட்டாவில் உள்ள சிறு ஈயக் குண்டுகளை) எவ்வளவு வேகத்தில் தள்ளுகிறாய் என்பதைப் பொறுத்தது, கூடவே மருந்தின் எடையும் கொஞ்சம் சேரும். மெதுவாக எரியும் மருந்தைப் போட்டு உச்ச அழுத்தத்தைப் பாதியாக்கினாலும், அதே 32 கிராம் ரவை அதே வேகத்தில் போனால் தோளில் விழும் அடி கிட்டத்தட்ட அதேதான். குழலுக்கு எதிரி அழுத்தம், தோளில் வைக்கும் மரக்கட்டைக்கு எதிரி உதை. எண்பது, தொண்ணூறு வருடம் எண்ணெய் ஊறிய பழைய கட்டை, இரும்போடு சேரும் இடத்தில்தான் முதலில் விரிசல் விடும், பல பழைய துப்பாக்கிகளில் குழல் நன்றாகத்தான் இருக்கும், கட்டைதான் போயிருக்கும். அதனால் ரவை 28 கிராமுக்கு மேல் போவதில்லை, பெரும்பாலும் 25தான், வேகம் வினாடிக்கு 1,150 அடி போதும். குறிக்காகப் பறக்கவிடும் களிமண் தட்டு உடைகிறது, வேறென்ன வேண்டும்?

இயந்திரம் மெக் 600 ஜூனியர், விஸ்கான்சினில் செய்வது. ஐந்து நிலைகள்: கூட்டைச் சரிப்படுத்திப் பழைய பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) வெளியே தள்ளுவது, புது பிரைமர் போடுவது, மருந்து, வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் நிற்கும் அடைப்பு), ரவை மூன்றையும் போடுவது, கூட்டின் வாயை மடிக்கத் தொடங்குவது, மடிப்பை முடிப்பது. ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான். ஒரே இழுப்பில் எல்லா நிலைகளும் சேர்ந்து நடக்கும் வேகமான புரோகிரசிவ் இயந்திரங்களும் இருக்கின்றன, அத்தான் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய துப்பாக்கிக்கு நிதானம்தான் லாபம், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கண்ணால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இழுப்பு. மெக்கின் குறை என்றால் மருந்து அளக்கும் புஷ்ஷிங் என்ற துளையுள்ள சிறு துண்டு. அட்டவணையில் போட்டிருக்கும் எண்ணும் தராசு காட்டும் எண்ணும் ஒத்துப்போவதே இல்லை, எங்களுக்குப் பெரும்பாலும் குறைவாகத்தான் விழும். கைப்பிடியை ஒருவர் மெதுவாக இழுப்பார், இன்னொருவர் தடாலென்று இழுப்பார், அதற்கும் அளவு மாறும். தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. மற்றபடி இரும்புக் குதிரை மாதிரி உழைக்கிறது, ஸ்பிரிங் ஒன்றிரண்டு மாற்றியதோடு சரி.

பட்டியலில் உள்ள கூடு, பிரைமர், மருந்து, வாட், நான்கும் அப்படியே இருக்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் ஒன்று போட்டால் அழுத்தம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. 2020இல் பிரைமர் தட்டுப்பாடு வந்தபோது கையில் கிடைத்த எதையாவது போட்டுச் சமாளித்தவர்கள் இருந்தார்கள். நாங்கள் அந்த வருடம் சுடுவதைக் குறைத்துக்கொண்டோம்.

குளிர்காலம்தான் எனக்குப் புதுப் பாடம். அழுத்தம் குறைந்த தோட்டாவில் மருந்து ஏற்கெனவே சோம்பலாகத்தான் எரியும், உறைபனியில் இன்னும் மோசம். 'டப்' என்று சொத்தையாக ஒரு சத்தம், ரவை பக்கத்திலேயே கொட்டும், வாட் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அதே குழலில் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்துவிடலாம். சத்தம் கொஞ்சம் மாறினாலும் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். பக்கத்தில் இருப்பவர் பொறுமை இழந்தாலும் பரவாயில்லை.

டமாஸ்கஸ் குழல் பற்றியும் கேட்பார்கள். அது வாள் செய்யப் பயன்பட்ட நம் ஊர் உருக்கு இல்லை, இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்தது. அத்தான் வாங்கவில்லை, எனக்கும் அனுபவம் இல்லை.

"அண்ணே, காசு மிச்சமாகுமா?" என்று பட்டர்வொர்த் தம்பி ஒருவர் தே தாரேக் குடித்துக்கொண்டே கேட்டார். சாதாரண தட்டுச் சுடும் தோட்டாவோடு ஒப்பிட்டால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, ஈயத்தின் விலை அப்படி. பழைய துப்பாக்கிக்கென்றே விற்கும் மென்மையான தோட்டாக்களோடு ஒப்பிட்டால்தான் மிச்சம் கண்ணில் தெரியும். ஈயத்தைத் தொட்ட கையோடு எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதை அக்கா கராஜ் கதவில் எழுதியே ஒட்டியிருந்தார், தமிழில்.

பாலேக் பூலாவ் பக்கம் டுரியான் தோட்டத்துக்காக உரிமத்தோடு அப்பா காலத்து இங்கிலீஷ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பழைய 12 போரில் பலவற்றுக்கு, தோட்டா உட்காரும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டர், இன்று கடையில் பரவலாகக் கிடைப்பது 70. பெட்டியில் போட்டிருக்கும் நீளம் சுட்டு மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம், அதனால் 70 தோட்டா 65 அறைக்குள் சுகமாக நுழையும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடம் போதாமல் வாயை நெருக்கி அழுத்தத்தை ஏற்றும். துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அறையை அளந்துகொண்டு, உரிமம் பெற்ற கடையில் 65 மில்லிமீட்டர், 28 கிராம் அல்லது அதற்குக் கீழே என்று கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால் தருவித்துத் தர முடியுமா என்று கேளுங்கள், 65 மில்லிமீட்டர் தோட்டாவை இங்கிலாந்தில் இன்றும் செய்கிறார்கள்.