நீலகிரிக் காற்றில் ஐந்து ஆண்டு: கால் அசையாத ட்ரைபாட், உயிரை வாங்கும் கீழ்ப்பூட்டு

ஐந்து ஆண்டாக நான் நீலகிரியில் தூக்கித் திரியும் ட்ரைபாடின், அதாவது கேமரா முக்காலியின், விலை இறங்கியிருக்கிறதே, இப்போது வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்ட வாரத்தில்தான் இந்த ட்ரைபாடின் கீழ்ப்பூட்டு ஷிம்மை (பூட்டுக்குள் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை) மூன்றாவது தடவையாக மாற்ற வேண்டி வந்தது. எனவே கீழே எழுதியிருப்பதில் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். முடிந்தவரை நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

விவரக்குறிப்பெல்லாம் கடைப் பக்கத்திலேயே கிடைக்கும். தேவையானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கார்பன் ஃபைபர், மூன்று அடுக்குக் கால், குழாய்கள் 32, 28, 24 மி.மீ. நடுத்தண்டு கிடையாது. திருகிப் பூட்டும் ட்விஸ்ட் லாக். காலின் எடை 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மேலே முக்கால் கிலோவில் பால் ஹெட் (கேமராவை எந்தப் பக்கமும் சாய்த்துப் பூட்டும் உருண்டைத் தலை). அதில் ஏறுவது பெரும்பாலும் நிக்கான் டி850 கேமரா. பாடி 1005 கிராம், அதோடு 70-200 எஃப் 2.8 லென்ஸ் 1430 கிராம், ஆக ஏறக்குறைய இரண்டரை கிலோ. சில நாள் பென்டாக்ஸ் 645இசட், அது லென்ஸ் இல்லாமலே 1.55 கிலோ.

முதலில் நல்லது. இதன் விறைப்புக்கு ஈடாக இந்த எடையில் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. காரணம் குழாயின் விட்டம். சுவர்த் தடிமன் ஒன்றாக இருந்தால், குழாய் வளையாமல் நிற்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 32 மி.மீ. குழாய் 25 மி.மீ. குழாயைப் போல இரண்டு மடங்கு விறைப்பு. இதே மாடலில் நான்கு அடுக்குக் காலும் விற்கிறார்கள். மடித்தால் பைக்குள் அடங்கும் என்று பலர் அதை எடுக்கிறார்கள். ஆனால் அதன் கடைசிக் குழாய் 20 மி.மீ.தான். 24-லிருந்து 20-க்கு இறங்கும்போது விறைப்பில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது, இறுக்க வேண்டிய பூட்டும் மூன்று கூடுகிறது. பேருந்திலேயே போய் வருகிறவர்களுக்கு வேறு வழியில்லை என்றால் எடுக்கலாம். காரோ பைக்கோ இருக்கிறவர்கள் மூன்று அடுக்கோடு நின்றுகொள்ளுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் ‘18 கிலோ தாங்கும்’, ‘25 கிலோ தாங்கும்’ என்ற எண்ணைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். அந்த எண்ணை அளக்கப் பொதுவான முறை ஒன்றும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கில் போடுகிறது. நமக்குத் தெரிய வேண்டியது எவ்வளவு தாங்கும் என்பதல்ல, தட்டினால் எவ்வளவு நேரம் ஆடும் என்பது. கடையிலேயே பார்த்துவிடலாம். காலை முழுக்க நீட்டி, 200 மி.மீ. லென்ஸைப் போட்டு, லைவ் வியூவை (கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியை) பெரிதாக்கிவிட்டு, காலை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் படம் நின்றுவிட வேண்டும். பிறகு ஹெட் உட்காரும் தட்டை இரு கையாலும் பிடித்து இடமும் வலமும் முறுக்கிப் பாருங்கள். மலிவான ட்ரைபாட் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். மேலிருந்து அழுத்தினால் தாங்கும், முறுக்கினால் நெளியும். காற்று கேமராவைத் தள்ளுவது மேலிருந்து அல்லவே.

ஊட்டிப் பக்கம் விடியற்காலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 64 (குறைந்த ஒளியுணர்வு), எஃப் 11 (சிறிய லென்ஸ் துவாரம்), போலரைசர் (ஒளியைக் குறைக்கும் வடிகட்டி) என்று வைத்தால் ஷட்டர் 1/15-லிருந்து 2 விநாடிக்குள் வந்து நிற்கும். அதிர்வு மிக மோசமாகத் தெரிகிற இடமும் அதில்தான் இருக்கிறது. 30 விநாடிப் படத்தில் முதல் அரை விநாடி ஆட்டம் கரைந்துவிடும். 1/15-இல் முழுப் படமுமே ஆட்டம்தான். டி850 போன்ற கண்ணாடிக் கேமராவில் மிரர் அப் (கண்ணாடியை முன்பே தூக்கிவிடுவது), எலக்ட்ரானிக் முதல் திரை (ஷட்டர் திரை அசையாமலே படம் தொடங்குவது), கேபிள் ரிலீஸ் (கேமராவைத் தொடாமல் கம்பி வழியே படமெடுப்பது) மூன்றும் வேண்டும். லென்ஸின் அதிர்வு நீக்கியை அணைத்துவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் படம் மங்கினால்தான் ட்ரைபாடைக் குறை சொல்ல வேண்டும். இந்த ட்ரைபாடில் அப்படிக் குறை சொல்ல நேர்ந்ததில்லை, ஜூலை மாதச் சூட்டிங்மட்டத்துக் காற்றில்கூட.

அந்தக் காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் சூட்டிங்மட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி போன்ற திறந்த மேடுகளில் பையை ட்ரைபாடின் நடுவிலுள்ள கொக்கியில் தொங்கவிடுவது எல்லோரும் சொல்லும் யோசனை. ஆனால் தொங்கும் பை ஊஞ்சல் மாதிரி ஆடி, இல்லாத அதிர்வை உண்டாக்கும். தொங்கவிடுவதாக இருந்தால் பையின் அடி தரையில் லேசாகப் பட வேண்டும், கயிற்றின் இழுப்பு மட்டும் இருக்க வேண்டும். அதைவிட நல்லது, கடைசிக் குழாயை நீட்டாமல் உயரத்தைக் குறைத்து, கேமராவின் வாரைக் கழற்றி, லென்ஸ் ஹூடையும் எடுத்துவிடுவது. படபடக்கும் வார் செய்யும் கேட்டைப் பலர் கவனிப்பதே இல்லை.

நிலமும் இங்கே ஒரே மாதிரி இல்லை. மேட்டுப் புல்வெளியில் புல் கற்றை கற்றையாக மெத்தைபோல் வளர்ந்திருக்கும், அதன்மேல் ரப்பர் பாதம் நின்றால் நிற்பது போலத்தான் தோன்றும். ரப்பரைக் கழற்றி ஸ்பைக் (கூர்முனை) மாட்டி, ஒவ்வொரு காலையும் தனித்தனியாக மண் தட்டும்வரை அழுத்த வேண்டும். பாறையில் அதே ஸ்பைக் வழுக்கும், அங்கே ரப்பர். ஓடை ஓரச் சதுப்பில் இரண்டுமே இறங்கிக்கொண்டே போகும். 10 செ.மீ. சதுரமாக மூன்று பிளைவுட் துண்டு வெட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு செ.மீ. ரப்பர் பாதத்தைவிட எட்டு மடங்கு பரப்பு. கொட்டாங்கச்சியும் இதற்கு உதவும். வைத்ததும் படமெடுக்காமல் இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள், மண் இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடியட்டும். தேயிலைச் சரிவில் ஒரு கால் மேட்டுப் பக்கம், இரண்டு கால் பள்ளத்துப் பக்கம். சர்வே செய்கிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். மாற்றி வைத்தால் கனமான லென்ஸோடு சேர்ந்து எல்லாம் பள்ளத்தைப் பார்த்துச் சாயும்.

இவ்வளவும் பாராட்டு. இனி பூட்டு.

ட்விஸ்ட் லாக்குக்குள் இருப்பது மூன்று பொருள். வெளியே நாம் திருகும் வளையம். அதற்குள் பிளவுபட்ட, ஒருபுறம் சரிந்த பிளாஸ்டிக் புஷ். திருகும்போது இது நெருங்கிக் குழாயைக் கவ்வும். மூன்றாவது, உள்குழாயின் மேல்முனையில் உட்காரும் இரண்டு அரைவட்டப் பிளாஸ்டிக் தகடுகள், இவைதான் ஷிம். அரை மில்லிமீட்டர் தடிமன், உள்பக்கம் ஒரு சிறு குமிழ், அது குழாயிலுள்ள துளையில் உட்காரும். உள்குழாய் ஆடாமலும், பூட்டைத் திருகும்போது கூடவே சுற்றாமலும் பார்த்துக்கொள்வது இந்தத் தகடுதான்.

நீலகிரியின் மஞ்சும் மண்ணும் சேர்ந்து கெடுப்பது இதைத்தான். ஈரமான குழாயை உள்ளே தள்ளும்போது நீரும் நுண்மணலும் கூடவே போகின்றன. அடுத்த முறை இழுக்கும்போது அந்த மணல் தகட்டைத் தேய்க்கிறது. இதே மாதிரி சில நூறு தடவை. தகடு மெலிந்ததும் குழாய் முறுக்குவாட்டில் லேசாக ஆடத் தொடங்கும், அந்த ஆட்டத்தில் குமிழ் வெட்டுப்படும். பிறகு பூட்டைத் திருகினால் குழாயும் சேர்ந்து சுற்றும், பூட்டு இறுகவே இறுகாது. இறுகாததால் இன்னும் பலமாகத் திருகுவோம், அதில் புஷ்ஷும் கெடும். இரண்டரை கிலோ கேமரா மேலே இருக்கும்போது ஒரு கால் மட்டும் மெல்ல உள்ளே இறங்குவதை ஒரு முறை பார்த்தவர்களுக்கு இந்தக் கோபம் புரியும்.

மேல்பூட்டுகளில் இது வந்ததே இல்லை. மூன்று முறையும் கீழ்ப்பூட்டில்தான். மண்ணுக்கு அருகில் இருப்பது அதுதானே. வடிவமைத்தவர்கள் அந்த இடத்தில் ஒரு நல்ல ரப்பர் சீல் வைத்திருந்தால் போதும், இந்தப் பத்திகளே தேவைப்பட்டிருக்காது. அதைவிட வயிற்றெரிச்சல், ஷிம்மைத் தனியாக விற்க மாட்டார்கள். ‘முழுக் காலும் மாற்ற வேண்டும்’ என்பதுதான் சர்வீஸில் கிடைத்த பதில். ஒரு விரல்நகக் கனம்கூட இல்லாத பிளாஸ்டிக்குக்கு முழுக் கால்! வெளியே, அளவு சொன்னால் செய்து தருகிற கடைசல் பட்டறைதான் கைகொடுத்தது. அசெட்டால் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாயில் கடைந்து, நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் தருவார்கள். வெர்னியர் அளவுகோலில் மேல்குழாயின் உள்விட்டம், கீழ்க்குழாயின் வெளிவிட்டம், துளையின் விட்டம் மூன்றையும் குறித்துக்கொண்டு போக வேண்டும். தடிமன் கொஞ்சம் கூடினால் குழாய் உள்ளே போகாது, குறைந்தால் பழைய ஆட்டம் திரும்பும். ஆகவே கூட்டிச் செய்யச் சொல்லி, 400-ஆம் எண் உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்துங்கள்.

கழற்றும் முறை எளிது. மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், விழும் தகடு கண்ணில் படும். ஒரு காலை முடித்த பிறகே அடுத்த காலுக்குப் போக வேண்டும், மூன்றையும் ஒன்றாகப் பிரித்தால் பாகங்கள் கலந்துவிடும். பூட்டு வளையத்தை மரை முழுக்கக் கழலும்வரை திருகி, குழாயை நேராக இழுங்கள். புஷ்ஷின் சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். குழாயையும் மரையையும் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் கழுவி, நிழலில் ஓர் இரவு காயவிடுங்கள். ஊட்டி ஈரத்தில் ஓர் இரவு போதாது, இரண்டு நாள் விடுவது நல்லது. கிரீஸ் மரையில் மட்டும், விரலில் தொட்டுப் பூசும் அளவு. புஷ்ஷிலோ குழாயிலோ பட்டால் பூட்டு வழுக்கும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், இருக்கும் கிரீஸைக் கரைத்துவிட்டு மணலை ஒட்டவைக்கும்.

வராமல் தடுக்க இரண்டு பழக்கம் உண்டு. சேற்றிலோ ஓடையிலோ வைக்கும் முன் கீழ்க்குழாயை முதலில் 15 செ.மீ. நீட்டிவிட்டு, மீதி உயரத்தை மேல்குழாயில் எடுங்கள். கீழ்ப்பூட்டு சேற்றுக்கு மேலே நிற்கும். படமெடுத்து முடித்ததும் குழாயைத் துடைக்காமல் உள்ளே தள்ளாதீர்கள், வீட்டுக்கு வந்தால் இரவு முழுக்க நீட்டியே வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி இறங்கும் நாட்களில் ஈரமான பூட்டை மூடிக் காரில் விட்டால் காலையில் உள்ளே பனிக்கட்டி இருக்கும். வலுக்கட்டாயமாகத் திருகாமல் உள்ளங்கையில் பிடித்துச் சூடேற்றுங்கள்.

பாதங்களைக் கழுவுவது பூட்டுக்காக மட்டுமல்ல. ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் போன்ற அந்நியச் செடிகள் ஏற்கெனவே இந்தப் புல்வெளிகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஓரிடத்துச் சேற்றோடு விதையையும் இன்னோரிடத்துக்கு நாம் சுமந்து போகக் கூடாது. ட்ரைபாட் தூக்குகிறவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள்.

சின்னக் குறைகள் இன்னும் இரண்டு. ரப்பர் பாதம் தானாகக் கழலும், கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவு இறங்கி வந்தால் ஒன்று காரின் டிக்கியில் கிடக்கும். குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை மரையில் இரண்டு சுற்று சுற்றினால் நிற்கும், ஸ்பைக் மாட்டும்போது கழற்றவும் வரும். இன்னொன்று, ஹெட்டை இடப்பக்கமாகச் சுற்றும்போது அது அடித்தட்டிலிருந்தே கழலும். தட்டின் அடியில் மூன்று சிறு ஆலன் திருகுகள் உண்டு. வாங்கிய அன்றே அவற்றை இறுக்குங்கள், பலர் கண்ணில் அவை படுவதே இல்லை. பால் ஹெட்டில் குறை ஒன்றும் இல்லை, எல் பிராக்கெட் (கேமராவைச் சாய்க்காமலே செங்குத்தாக மாட்ட உதவும் எல் வடிவத் தகடு) மட்டும் கட்டாயம் போடுங்கள். செங்குத்துப் படத்துக்குக் கனமான கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்தால் எடையெல்லாம் ஒரு காலின் மேல் விழும்.

நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம். விலை இறங்கியிருந்தாலும் வேண்டாம். விறைப்பில் இதைவிட நல்லதை நான் கண்டதில்லை என்று மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்கவில்லை, என்னுடையதை விற்கும் எண்ணமும் இல்லை. ஆனால் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைத் தனியாகத் தர மறுக்கிற கம்பெனிக்கு இன்னொருவரை அனுப்ப இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. இதே விட்டத்தில், நெம்பிப் பூட்டும் ஃபிளிப் லாக் வைத்த அலுமினியக் கால் முக்கால் கிலோ கூடுதலாக இருக்கும், குளிரில் கையைக் கடிக்கும். அதன் பூட்டு தளர்ந்தால் ஒரு ஆலன் கீயில் கால்வாசித் திருப்பு போதும், அப்பர் பவானி மழையில் நின்றுகொண்டே செய்யலாம். அதைப் பாருங்கள். பிடிவாதமாக இதையேதான் வாங்குவேன் என்றால், பெட்டியைப் பிரித்த அன்றே ஒரு காலைக் கழற்றி ஷிம்மை அளந்து, பட்டறையில் ஆறு ஜோடி செய்து வைத்துக்கொண்டு மலையேறுங்கள்.