அண்ணனின் பகல் தூக்கமும் தஞ்சாவூர் அலைச்சலும்

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனபோது பாதி லீவு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணனுக்கு மயோடானிக் டிஸ்ட்ரோபி. எதையாவது இறுக்கிப் பிடித்தால் விரல்கள் சட்டென்று விடாத பரம்பரைத் தசை நோய். அப்பாவுக்கு இளவயதிலேயே கண்புரை வந்ததும் இதனால்தான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அண்ணனுக்குக் கைகால் பலவீனத்தைவிடப் பகல் தூக்கம்தான் பெரிய தொல்லை. சோற்றில் கை வைத்தபடியே கண் சொருகும். காலையில் எழுந்தால் தலைவலி. ஊரில் சோம்பேறிப் பட்டம். அண்ணிக்கும் சில நேரம் அந்தச் சந்தேகம்.

தூக்கப் பரிசோதனைக்குத் திருச்சியிலிருந்து ஒரு பையன் வீட்டுக்கே வந்து கருவியை மாட்டிவிட்டுப் போனான். வசதிதான். ஆனால் அது பார்ப்பது மூச்சு நிற்பதையும் ஆக்சிஜன் இறங்குவதையும் மட்டுமே. இந்த நோயில் மூச்சுத் தசைகள் தளர்ந்து, தூக்கத்தில் மூச்சு மேலோட்டமாகி, கார்பன் டை ஆக்சைடு உடம்பில் தேங்கும். காலைத் தலைவலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒரு மருத்துவமனையில் சிபேப் எழுதிக் கொடுத்தார்கள், தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி.

இதற்குள் மாமா, கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரோடு வந்துவிட்டார். "ரீடிங் கம்மியா இருக்குல்ல, இதப் போட்டுவிடு மாப்ள." பாசம்தான், ஆனால் தடுக்க வேண்டியிருந்தது. மூச்சுக்குத் துணை செய்யும் கருவி இல்லாமல் ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் விரலில் மாட்டும் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகலாம்.

தஞ்சாவூரில் பார்த்த நுரையீரல் டாக்டர் அண்ணனை உட்கார வைத்து ஊதச் சொன்னார், அப்புறம் படுக்க வைத்து. படுத்ததும் மூச்சின் அளவு வெகுவாக இறங்கியது. மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் பலவீனமாக இருக்கிறது என்றார். ரத்தத்தில் வாயு அளவு பார்த்தார். இந்த நோய் இதயத் துடிப்பையும் குழப்பும் என்பதால் வருடா வருடம் ஈசிஜி எடுக்கச் சொன்னார். சிபேப்பை அடித்துவிட்டு பைபேப் எழுதினார். முன்னது ஒரே அழுத்தத்தில் தொண்டையைத் திறந்து வைக்கும். பின்னது மூச்சை இழுக்கும்போது அழுத்தத்தைக் கூட்டி, தசையின் வேலையைப் பகிர்ந்துகொள்ளும்.

கருவி வாடகைக்குக் கிடைத்தது. மாஸ்க்தான் பாடாய்ப் படுத்தியது. கன்னம் ஒட்டிய முகத்தில் எதைப் போட்டாலும் ஓரத்தில் காற்று கசிகிறது. கடையில் இருந்ததோ மீடியம் சைஸ் மட்டும். சின்னது சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது.

கரண்ட் இன்னொரு கவலை. 2018 கஜா புயலுக்குப் பிறகு டெல்டாக்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. இன்வெர்ட்டரிலிருந்து பைபேப்புக்குத் தனி பாயின்ட் போட்டோம். கரண்ட் போனால் காற்றை ஈரமாக்கும் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும், பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். கார்த்திகை மழையில் ஈரத்துக்கா பஞ்சம்!

தலைவலி நின்றுவிட்டது. பகல் தூக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை. இந்த நோய் மூளையையும் தொடுவதால் மூச்சு சரியான பிறகும் தூக்கம் மிச்சம் இருக்கலாம், தேவைப்பட்டால் விழிப்பாக இருக்க உதவும் மொடாஃபினில் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அடுத்த செக்கப் தை மாதம். போகும்போது கருவியின் மெமரி கார்டைக் கழற்றி எடுத்துப் போகும் பொறுப்பு அண்ணியுடையது.